பிழையும் பிரம்பும்

முகமாலையில் பிழை விட இடமில்லை. ஏ9 வீதியில் கிளிநொச்சியிலிருந்து வடக்கே போகையில், பளைக்கு அப்பால் வருகிற அந்த நிலம் உள்நாட்டுப் போரின்போது ஆண்டுக்கணக்கில் இரு தரப்பினதும் முன்னரங்காக இருந்தது. இரு பக்கமும் புதைத்த மிதிவெடிகள் போர் முடிந்து பல ஆண்டுகளாகியும் மண்ணுக்குள்ளேயே கிடந்தன. பாக்கிஸ்தானில் செய்யப்பட்ட பி4, சீனாவின் வகை 72, உள்ளூரில் மரப்பெட்டிக்குள் அடைத்துச் செய்யப்பட்ட ஜொனி என்று பல வகை. முதல் இரண்டும் பிளாஸ்டிக் உடல் கொண்டவை. உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சொற்பம். உலோகம் தேடும் கருவி அவற்றுக்குக் கொடுக்கும் ஓசை, துருப்பிடித்த ஓர் ஆணிக்குக் கொடுக்கும் ஓசையைவிடப் பெரிதாக இராது. ஆகவே ஒவ்வோர் ஓசையையும் மிதிவெடி என்றே எடுத்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொண்டு போக வேண்டும். பெரும்பாலும் கிடைப்பது ஆணி, சன்னம், ஷெல் துண்டு, தகரம். ஆனாலும் அடுத்த ஓசையையும் அதே பொறுமையோடுதான் அணுக வேண்டும்.

ஹலோ ட்ரஸ்ட், மாக் ஆகிய நிறுவனங்கள் 2002இலிருந்து இலங்கையில் இந்தப் பணியைச் செய்கின்றன. டாஷ், ஷார்ப் என்ற உள்ளூர் அமைப்புகளும் பின்னர் சேர்ந்தன. மண்ணில் இறங்கி வேலை செய்பவர்களில் கணிசமானோர் வன்னிப் பெண்கள். தனியாளாகக் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் அவர்களுள் பலர். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் நாடு முழுவதும் துப்புரவாக வேண்டும்.

இந்தத் தொழிலை ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்கிறார்? விழுந்து எழும்பித்தான் நடை பழகலாம் என்பது இங்கே பொருந்தாது. அதனால்தான் களத்துக்குப் போகுமுன் பயிற்சி நிலம் இருக்கிறது. வெடிமருந்து இல்லாத மாதிரிகளைப் புதைத்து வைத்துத் தேடச் சொல்வார்கள். தவறவிட்டால் அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே எது தவறியது, கருவியை எந்தக் கோணத்தில் பிடித்ததால் தவறியது என்று காட்டுவார்கள். திரும்பச் செய்யச் சொல்வார்கள். களத்துக்குப் போன பின்னும், துப்புரவு செய்யப்பட்ட நிலத்தை இன்னொருவர் மீண்டும் சோதிப்பது சர்வதேச நியமம். பிழை வரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அது உயிரைக் குடிக்காத இடத்தில் வரும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

முகமாலை இருக்கும் அதே மாவட்டத்தில் ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். பின்னக் கணக்கில் ஒரு பிள்ளை பிழை விட்டால் எவருக்கும் காயமில்லை. அழிறப்பரால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். ஆனால் அங்கேதான் பிரம்பு வெளியே வருகிறது. கதிரையில் ஏற்றி நிறுத்துவது நடக்கிறது. மற்றப் பிள்ளைகளின் முன்னால் ‘மொக்கு’ என்ற பட்டம் கிடைக்கிறது. எங்கே உயிர் போகுமோ அங்கே பிழைக்கு இடம் வைத்துக் கற்பிக்கிறோம். எங்கே ஒன்றுமே போகாதோ அங்கே பிழையைக் குற்றமாக்குகிறோம். இது தலைகீழான ஏற்பாடு. கடந்த முப்பத்தைந்து ஆண்டுகால மூளை ஆய்வுகளை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் டோர்ட்முண்டில் மிக்கேல் ஃபால்கன்ஸ்டைன் குழுவினரும், அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெரிங் குழுவினரும், ஒருவரையொருவர் சாராமல் ஒரே விடயத்தைக் கண்டார்கள். தலையில் மின்முனைகளைப் பொருத்திக்கொண்டு விரைவாகப் பொத்தானை அழுத்த வேண்டிய எளிய சோதனைகள் அவை. இப்போது அதிகம் பயன்படுவது அம்புக்குறிச் சோதனை. திரையில் ஐந்து அம்புகள் வரிசையாகத் தோன்றும். நடுவில் உள்ளது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கப் பொத்தானை அழுத்த வேண்டும். சில வேளைகளில் மற்ற நான்கும் எதிர்ப்பக்கம் காட்டிக் குழப்பும். வேகத்தில் விரல் தவறும். தவறிய விரல் பொத்தானைத் தொட்டு செக்கனில் ஆயிரத்தில் ஐம்பது முதல் நூறு பங்குக்குள், முன்தலையின் நடுப்பகுதியில் ஒரு கூர்மையான எதிர்மின் அலை எழுகிறது. சரியாக அழுத்தியபோது அந்த அளவுக்கு அது எழுவதில்லை.

ஒரு செக்கனில் பத்திலொரு பங்குகூட இல்லாத நேரம் அது. யாரும் ‘பிழை’ என்று சொல்லியிருக்க முடியாது. திரையிலும் ஒன்றும் வரவில்லை. மூளையே தன் செயலைத் தான் நினைத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று கண்டுபிடித்துவிட்டது. இந்த அலை பிறக்கும் இடம் முன் சிங்குலேட் புறணி என்ற பகுதி என்பது பின்னர் தெரியவந்தது. அது நெற்றிக்குப் பின்னால், மூளையின் இரு பாதிகளும் சந்திக்கும் உட்பக்கத்தில் இருக்கிறது.

பியானோக் கலைஞர்களிடம் 2009இல் நடந்த ஆய்வுகள் இன்னும் வியப்பானவை. பழக்கமான மெட்டை வேகமாக வாசிக்கும்போது தவறான கட்டையில் விரல் விழப்போகிறது என்றால், விழுவதற்குச் சுமார் நூறு மில்லிசெக்கன் முன்பே மூளை அலையில் மாற்றம் தெரிந்தது. அந்தத் தவறான சுரமும் மற்றவற்றைவிடச் சற்று மெதுவாகவே ஒலித்தது. விரலைத் தடுக்க நேரம் போதவில்லை; ஆனாலும் அழுத்தத்தைக் குறைக்க மூளை முயன்றிருக்கிறது. தேர்ந்த கையிடம் பிழையைப் பிடிக்கும் ஆற்றல் இவ்வளவு முன்னே போய்விடுகிறது.

முதல் அலைக்குப் பின்னால் இரண்டாவது ஒன்று வருகிறது. பிழை நடந்து ஏறத்தாழ இருநூறு மில்லிசெக்கனுக்குப் பிறகு எழும் நேர்மின் அலை அது. பிழை விட்டோம் என்று நாம் உணர்வதோடு, அந்தப் பிழையைக் கவனிப்பதோடு இந்த அலை தொடர்புடையது. மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் ஜேசன் மோசர் 2011இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று இதைத்தான் அளந்தது. திறமை உழைப்பால் வளரும் என்று நம்புகிறவர்களிடம் இரண்டாவது அலை பெரிதாக இருந்தது. பிழை விட்ட அடுத்த முறை அவர்கள் திருத்தமாகவும் செய்தார்கள். திறமை பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்டது என்று நம்புகிறவர்களிடம் அந்தக் கவனம் குறைவாக இருந்தது. பிழை நடந்ததை இரு சாராரின் மூளையும் பிடிக்கத்தான் செய்தது. அதை நின்று பார்ப்பதில்தான் வேறுபாடு.

இனி, பிழை நமக்கே தெரியாமல் மற்றவர் சொல்லித் தெரியவரும் நிலைமை. கணக்குக் கொப்பி சிவப்புப் பேனைக் கோட்டோடு திரும்பி வருகிறதே, அது. 1997இல் வோல்ஃப்காங் மில்ட்னர் குழுவினர், ஒரு செக்கன் எவ்வளவு என்று மனத்தால் மதிப்பிட்டுப் பொத்தானை அழுத்தச் சொல்லி, பிறகு சரியா தவறா என்று அறிவித்தார்கள். தவறு என்ற அறிவிப்புக்குப் பின் ஏறக்குறைய கால் செக்கனில் முன்தலையில் இதே போன்ற அலை வந்தது.

இதன் அடியில் என்ன நடக்கிறது என்பதற்கு வலுவான விளக்கம் குரங்குகளிடமிருந்து கிடைத்தது. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர், டோபமின் சுரக்கும் நரம்பணுக்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை படபடவென்று துடிக்கும். ஒளி தோன்றினால் சாறு வரும் என்று குரங்கு பழகிவிட்டால், துடிப்பு ஒளிக்கு மாறிவிடும்; சாறு வரும்போது ஒன்றும் நடக்காது. ஒளி தோன்றியும் சாறு வராவிட்டால், வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் நரம்பணுக்கள் அடங்கிவிடும். டோபமின் இன்பத்தின் சுரப்பு என்று மேடைகளில் சொல்கிறார்கள். இந்த அணுக்கள் அளந்தது இன்பத்தையல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலான தூரத்தை. அந்தத் தூரத்தைக் கொண்டே மூளை அடுத்த கணிப்பைத் திருத்துகிறது.

ஆசிரியர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுவென்று எண்ணுகிறேன். கற்பிப்பது எதிர்பாராத முடிவு. நாள்தோறும் ‘உனக்கு ஏறாது’ என்று கேட்டுப் பழகிய பிள்ளை பிழையையே எதிர்பார்க்கிறது. சிவப்புக் கோடு வரும் என்று அதற்குத் தெரியும், வந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையில் தூரமே இல்லை. இந்தக் கணக்கின்படி அந்தக் கோடு அந்தப் பிள்ளைக்கு எதையும் கற்பிக்கவில்லை. மாறாக, தன் விடை சரி என்று உறுதியாக நம்பிய பிள்ளைக்கு அதே கோடு ஆழமாக இறங்கும். இதைப் பட்டர்ஃபீல்டும் ஜனட் மெட்காஃபும் 2001இல் பொது அறிவு வினாக்களை வைத்துக் காட்டினார்கள். மிகுந்த உறுதியோடு சொன்ன தவறான விடைகளே, திருத்தம் சொல்லப்பட்ட பின் அதிகம் திருந்தின. ஊகித்துச் சொன்ன தவறுகள் அவ்வளவு திருந்தவில்லை. துணிந்து விடை சொல்லும் பிள்ளையை அடக்குவது, திருந்துவதற்கு ஆகச் சிறந்த வாய்ப்பை அடக்குவதாகும்.

பிரம்புக்கு வருவோம். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார் என்று நம்மிடம் பழமொழியே உண்டு. தண்டனை மூளையின் பிழை அலையை என்ன செய்கிறது என்று பார்த்தவர்களும் உண்டு. அஞ்சா ரீசெல், கிரெக் ஹாய்சாக் முதலானோரின் 2012ஆம் ஆண்டு ஆய்வில், குறிப்பிட்ட ஒரு நிலைமையில் பிழை விட்டவர்களின் காதில் பலத்த சத்தம் ஒன்று பாய்ச்சப்பட்டது. அந்த நிலைமையில் பிழை அலை பெரிதானது. பின்பு சத்தத்தை முற்றாக நிறுத்தினார்கள். தண்டனை போய்விட்டது, பெரிதான அலை போகவில்லை. பதற்ற இயல்பு கூடியவர்களிடம் இந்தத் தழும்பு மேலும் தெளிவாக இருந்தது. அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரியா மேயர் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு குழந்தைகளைப் பற்றியது. மூன்று வயதளவில் கடுமையாகக் கண்டிக்கும் பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஆறு வயதில் பிழை அலை பெரிதாக இருந்தது.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே, பிழையை உடனே கண்டுபிடிக்குமே என்று கேட்கலாம். அளவுக்கு மீறிப் பெரிதான பிழை அலை பதற்ற நோய்களோடும், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் எண்ணச் சுழற்சி நோயோடும் சேர்ந்து வருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. உலோகம் தேடும் கருவியின் உணர்திறனை உச்சத்துக்குத் திருகி வைத்தால் அது கல்லுக்கும் கத்தும், மண்ணுக்கும் கத்தும். மிதிவெடி எது என்று சொல்லத் தெரியாத கருவியாகிவிடும். அச்சம் கூடிய மூளையும் அப்படியே. அதோடு, கடும் மன அழுத்தத்தில் சுரக்கும் இரசாயனங்கள் முன்நெற்றி மூளையின் பிடியைத் தளர்த்துகின்றன என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் நீண்ட காலமாகக் காட்டி வருகிறார். பின்னக் கணக்கைச் செய்ய வேண்டிய பகுதி அதுதான். அடிக்குப் பயந்து நிற்கும் பிள்ளையிடம் ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் அது விழிப்பது சோம்பலாலல்ல.

வன்னியில் இந்த விடயத்துக்குக் கனம் கூடுதல். ‘வன்னியின் கூட்டு மனவடு’ பற்றி 2010இல் எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனியாளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் எப்படிக் குலைத்தது என்று பதிவு செய்தார். கிளவுடியா கட்டானி குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வடக்குக் கிழக்கைச் சேர்ந்த 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளில் 82.4 வீதமானோர் போர் நிகழ்வொன்றையாவது அனுபவித்திருந்தார்கள். 95.6 வீதமானோர் வீட்டுக்குள்ளேயே ஏதோவொரு வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனவடு நோய் இருந்தது. அந்தத் தலைமுறைப் பிள்ளைகளில் பலர் இன்று பெற்றோர், சிலர் ஆசிரியர்கள். பதுங்கு குழியில் வளர்ந்த ஒருவரின் எச்சரிக்கை மணி சிறிய சத்தத்துக்கும் அடிப்பதில் வியப்பில்லை. அவர் கையோங்குவதைப் புரிந்துகொள்ள முடியும். ஏற்றுக்கொள்ள முடியாது.

சட்டமும் ஏற்கவில்லை. கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. ஆசிரியரின் அடியால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட தென்னிலங்கை மாணவர் ஒருவரின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் வழங்கியது.

அப்படியும் பிரம்பு ஏன் பிழைத்திருக்கிறது? அடித்தால் பலிக்கிறது என்று ஆசிரியர் கண்ணாரக் காண்கிறார், அதனால்தான். அந்தக் காட்சியின் மாயத்தை உடைத்தவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டானியல் கானமன். 1960களில் இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு அவர் விரிவுரை செய்தார். பாராட்டு தண்டனையைவிட நன்றாகக் கற்பிக்கும் என்றார். அனுபவம் வாய்ந்த ஒருவர் எழுந்து மறுத்தார்: நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாகப் பறக்கிறான், மோசமாகப் பறந்தவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாகப் பறக்கிறான். அவர் கண்டது உண்மை. கொண்ட முடிவு பிழை. வழக்கமாக 50 புள்ளி எடுக்கும் பிள்ளை ஒரு தவணையில் 34 எடுக்கிறது என்று வையுங்கள். காய்ச்சலோ, தெரியாத கேள்வியோ காரணமாக இருக்கலாம். அடி விழுகிறது. அடுத்த தவணை 49. அடிக்காமல் விட்டிருந்தாலும் ஏறத்தாழ 49தான் வந்திருக்கும். வழக்கத்திலிருந்து வெகுவாக விலகியது பெரும்பாலும் வழக்கத்தை நோக்கித்தான் திரும்பும். ஆனால் பெயர் பிரம்புக்குப் போகிறது. அதே பிள்ளை 68 எடுத்துப் பாராட்டுப் பெற்றால் அடுத்த தவணை 52க்கு இறங்கும். பாராட்டித் தலைக்கனம் ஏற்றிவிட்டோம் என்று ஆசிரியர் நினைப்பார். நேர்மையான ஆசிரியரையே ஏமாற்றும் கணக்கு இது. ஒவ்வோர் ஆசிரியர் பயிற்சியிலும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியது.

வயதும் கணக்கில் சேரும். நெதர்லாந்தின் லைடனில் அன்னா வான் டுய்வன்வூர்ட, எவலீன் குரோன் முதலானோர் 2008இல் வெவ்வேறு வயதினரான மூன்று குழுக்களின் மூளையைப் படமெடுத்தார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளில் கவனத்தையும் திட்டமிடலையும் நடத்தும் பகுதிகள் ‘சரி’ என்ற செய்திக்கே அதிகம் எழும்பின. பெரியவர்களில் அதே பகுதிகள் ‘பிழை’ என்ற செய்திக்கு அதிகம் எழும்பின. பதினொன்று முதல் பதின்மூன்று வயதினர் இடைநடுவில் நின்றார்கள். சரி என்றால் செய்ததையே திரும்பச் செய்தால் போதும். பிழை என்றால் எது பிழைத்தது, வேறு எதைச் செய்வது என்று தேட வேண்டும். அது பாரமான வேலை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பத்து வயதுப் பிள்ளைகளை ஆயத்தம் செய்கிறவர்கள், வினாத்தாள் முழுக்கச் சிவப்புக் கோட்டை நிரப்புமுன் இதை நினைக்க வேண்டும். எது சரியாக வந்தது என்று காட்டுவது அந்த வயதில் செல்லம் கொடுப்பதல்ல, கற்பித்தலே அதுதான்.

சொல்லும் நேரமும் முக்கியம். உடனே கிடைக்கும் திருத்தத்தை மூளையின் ஆழத்திலுள்ள கோடுடல் என்ற அமைப்பு கையாளுகிறது. சில செக்கன் தாமதித்தாலே வேலை நினைவைக் காக்கும் இப்போகம்பசுக்கு மாறுகிறது என்று 2011இல் காரின் ஃபோர்டயும் டாப்னா ஷோஹமியும் காட்டினார்கள். தாமதமானால் கற்கவே முடியாது என்பது இதன் பொருளல்ல. என்ன செய்தோம் என்ற நினைவு இருந்தால் தாமதித்த திருத்தமும் உதவும். மூன்று வாரம் கழித்து வெறும் புள்ளியாக வரும் தவணைப் பரீட்சையிலோ, நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து எழுதி யாருமே திருத்தாத ரியூசன் வகுப்பிலோ அந்த நினைவுக்கு இடமில்லை.

எந்தத் திருத்தமும் நன்மையே செய்யும் என்றும் இல்லை. அவ்ராகம் குளூகரும் ஏஞ்சலோ டினிசியும் 1996இல் 607 ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சராசரியில் பயன் இருந்தது. ஆனால் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவற்றில் கருத்துச் சொன்ன பிறகு செயல்திறன் குறைந்தே போனது. செய்கிற வேலையை விட்டுச் செய்கிற ஆளின் மேல் கவனத்தைத் திருப்பும் கருத்துகள் பலன் குறைந்தவை என்று அவர்கள் கண்டார்கள். ‘இந்த வரியில் பகுதியெண்ணைச் சமப்படுத்தவில்லை’ என்பது வேலையைப் பற்றியது. ‘உனக்குக் கணக்கு வராது’ என்பது ஆளைப் பற்றியது. புகழ்ச்சிக்கும் இதே விதிதான். கிளவுடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் காட்டியபடி, ‘நீ கெட்டிக்காரன்’ என்று புகழப்பட்ட பிள்ளைகள் அடுத்த கடினமான வினாவில் சறுக்கியதும் தளர்ந்தார்கள். முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் தொடர்ந்தார்கள்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு கணித ஆசிரியர் ஒவ்வொருவரின் பிழையையும் எப்படி உடனுக்குடன் பார்ப்பது என்ற கேள்வி நியாயமானது. முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை. பாடம் தொடங்குமுன் விடை தெரியாமலே இரண்டு கணக்கைச் செய்யவிட்டு, புள்ளி போடாமல், அந்தப் பாடவேளைக்குள்ளேயே பிழைகளைக் கரும்பலகையில் பெயரில்லாமல் எழுதிப் பேசலாம். முயன்று தவறிய பிறகு கேட்ட விடை, முயலாமல் கேட்ட விடையைவிட நினைவில் நிற்கும் என்று கோர்னெல், பியோர்க் முதலானோர் 2009இல் காட்டியிருக்கிறார்கள். இந்த முறைக்குச் செலவாவது பத்து நிமிடமும் வெண்கட்டியும்தான்.

வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியும், துணுக்காய் முதல் வவுனியா வடக்கு வரையான வலயக் கல்வி அலுவலகங்களும் சேவைக்காலப் பயிற்சிகளில் இதற்கு ஒரு நாளை ஒதுக்க வேண்டும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இந்தத் தவணை தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும்போது, புள்ளியைப் பற்றிப் பேசுமுன் வினாத்தாளையும் விடைத்தாளையும் வாங்கி வைத்துக்கொண்டு அமருங்கள். எந்த வரியில் வழி மாறியது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடைத்தாள் பாடசாலையிலிருந்து திரும்பி வரவில்லையென்றால், அதிபரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.